பத்தொன்பதாவது கிலோமீட்டர்

பின்னால் நல்லசிவம் மூச்சு வாங்கும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கொஞ்சம் நின்றால் தேவலை என்று மாதேஸ்வரனுக்கு இருந்தது. நின்றால் என்ன ஆயிற்றோ என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும், பார்த்தால் அந்த முகம் சிரிக்கும், அதற்குச் சத்தமே இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் இருந்தது. பதினான்கு கிலோமீட்டர் முடிந்திருந்தது. இன்னும் ஐந்து. இவன் வேகத்துக்கு ஐந்து என்றால் ஐம்பது நிமிஷம், ஏற்றத்தில் நடந்தால் ஒரு மணி. ஒரு மணி நேரத்தில் ஒருவன் எதையும் சொல்லிவிடலாம். எனக்கு ஞாபகம் இல்லைங்க. மூன்றே வார்த்தை. காலையில் கார் நிறுத்திய இடத்தில் ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தபோதே சொல்லியிருக்கலாம், அப்போது இவன் பாக்கெட்டிலிருந்து இரண்டு கடலை மிட்டாய் எடுத்து, "ஒண்ணு உங்களுக்குங்ண்ணா" என்று நீட்டினான். வாங்கி வாயில் போட்டாயிற்று. வாயில் கடலை மிட்டாயை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? காப்பிச் செடிகளுக்கு நடுவே பாதை வளைந்து வளைந்து இறங்கியது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி நெஞ்சுயரத்துக்கு மேல் ஏறியிருந்தது. காப்பிப்பழம் சிவப்புச் சிவப்பாக, பனியில் நனைந்து, பறிக்க ஆள் வராத வரிசைகளில் கீழே உதிர்ந்து கிடந்தது. "வேர் இருக்குங்க, பாத்து வைங்க" என்றார் திரும்பாமலே. "பாத்துட்டுத்தான் வர்றனுங்க" என்றது பின்னாலிருந்து. வேர் இருக்கிறது, கல் இருக்கிறது, இதைச் சொல்ல மட்டும் வாய் வருகிறது.

மாதேஸ்வரனுக்கு நாற்பத்தெட்டு வயது. சேலத்தில் ஒரு லேபில் இருபத்திரண்டு வருஷமாக ரத்தம் எடுக்கிறார். ஊசி குத்தி, குழாயில் பிடித்து, பெயர் எழுதின லேபிளை ஒட்டி, அடுத்தவரைக் கூப்பிடுவார். ஒரு நாளைக்கு நூறு பேர். கை தானாகச் செய்யும், மனசு எங்கேயாவது போய்விட்டு வரும். இத்தனை வருஷத்தில் ஒரு லேபிள் மாறியதில்லை. கையை நம்பலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையில் ஓடுகிற குழு ஒன்றில் பத்து வருஷமாக இருக்கிறார். டிசம்பர் வந்தால் அந்தக் குழு இந்தச் சேர்வராயன் மலையில் முப்பது கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடத்தும், வெளியூரிலிருந்தெல்லாம் நூற்றைம்பது பேர் வருவார்கள். எஸ்டேட் பாதை, காட்டுப் பாதை, புல்மேடு என்று மாறி மாறிப் போகிற வழியில் எங்கே திரும்புவது என்று தெரிவதற்காக முதல்நாளே போய் மரத்திலும் செடியிலும் ரிப்பன் கட்டிவைக்க வேண்டும். போன வருஷம் பதினான்காவது கிலோமீட்டரிலிருந்து இருபத்திரண்டு வரைக்கும் மாதேஸ்வரன் பொறுப்பு. அந்தத் துண்டில், பத்தொன்பதாவது கிலோமீட்டரில், பாதை இரண்டாகப் பிரியும். மலைக்காரர்கள் அந்த இடத்தைக் கவட்டை என்பார்கள். இடது பக்கம் ஏறினால் ஊர். வலது பக்கம் அகலமாக, சமமாக, வா வா என்று கூப்பிடுகிற மாதிரி இருக்கும். இரண்டு கிலோமீட்டர் போனால் கைவிட்ட குவாரி, அதற்கப்புறம் தரை இல்லை. பவானியிலிருந்து ஓட வந்திருந்த சுபாஷிணி, முப்பத்து நான்கு வயது, வலது பக்கம் போய்விட்டாள். மறுநாள் பதினோரு மணிக்குத்தான் கண்டுபிடித்தார்கள். இப்போது பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவது அவள் புருஷன்.

கட்டினேனா? பதினான்கரை. ஓடை வந்தது, கல் மேல் கால் வைத்துத் தாண்டினார், பின்னால் தண்ணீரில் கால் விழுகிற சத்தம், "ஒண்ணுமில்லீங்க, நனைஞ்சிருச்சு, அவ்வளவுதான்." இங்கே கட்டினேன், இந்த ஓடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, கட்டும்போது அட்டை ஒன்று கட்டைவிரலில் ஏறியது. அடுத்தது எஸ்டேட் வேலி திரும்புகிற இடம், அங்கேயும் கட்டினேன், கம்பி கீறியது. பதினேழில் புல்மேட்டுக்கு ஏறும் முன்னால், கட்டினேன். எல்லாவற்றிலும் கை ஏதாவது ஒன்றைத் தொட்டிருக்கிறது, ஏதாவது குத்தியிருக்கிறது. பத்தொன்பதில் மட்டும் கைக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. கண்ணுக்கு இருக்கிறது. கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, அதுதான் வினை. மூன்று ரிப்பன். இரண்டு இடது பக்கச் சில்வர் ஓக்கில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. ஒன்று அதற்குப் பக்கத்து உண்ணிச்செடியில். வலது பாதைக்குக் குறுக்கே சுண்ணாம்புப் பொடி, ஒரு கோடு. காற்றில் ரிப்பன் வால் ஆடுவது வரைக்கும் தெரிகிறது. ஆனால் இந்தக் காட்சி அவருக்கு எப்போது வந்தது? ஸ்டேஷனில் ஏட்டு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "அந்த எடத்துல ரிப்பன் கட்டுனீங்களா சார்?" என்று கேட்டார். "பிரியற எடத்துல எப்பவும் மூணு கட்டுவேங்க" என்றார் இவர். அது பொய் இல்லை. பத்து வருஷமாக எந்தப் பிரிவிலும் மூன்று கட்டுவார். ஏட்டு எழுதாமல் நிமிர்ந்து பார்த்தார். "கட்டுவேன்னா எப்படி சார் எழுதறது? கட்டுனீங்களா இல்லையா?" வெளியே குழுவின் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மின்விசிறி ஒரு பக்கமாக இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. "கட்டினேன்" என்றார். இரண்டு எழுத்து மாறியது, அவ்வளவுதான். எங்கெங்கே என்று கேட்டபோது சில்வர் ஓக் வந்தது, உண்ணிச்செடி வந்தது. அப்புறம் ஆர்டிஓ ஆபீசில் ஒரு தடவை, குழுக் கூட்டத்தில் ஒரு தடவை, பேப்பர்காரரிடம் ஒரு தடவை, வீட்டில் மனைவி வசந்தமணியிடம் எத்தனையோ தடவை. சொல்லச் சொல்ல அது தெளிந்துகொண்டே வந்தது. இப்போது அதற்குப் பின்னால் போய் அன்றைக்கு உண்மையில் என்ன இருந்தது என்று பார்க்கலாம் என்றால், புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இதுதான் நிற்கிறது.

வேறு யாராவது ஒருவர் பார்த்திருந்தால் போதும். கடைசி ஆளுக்குப் பின்னால் ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே வர இரண்டு பேரைப் போட்டிருந்தார்கள். அவர்கள் அவிழ்த்து அவிழ்த்துச் சாக்கில் போட்டார்களே தவிர எண்ணவில்லை, கவட்டையில் இருந்ததா என்று கேட்டதற்கு இருந்த மாதிரிதான் இருக்கு என்றார்கள். சுண்ணாம்பு? ராத்திரி பெய்த மழையில் போயிருக்கும். ஓடினவர்களில் ஒருத்தர் பார்த்தேன் என்றார், இரண்டு பேர், முன்னால் போனவர் முதுகைப் பார்த்துத் திரும்பினோம் என்றார்கள், ஒரு ஆசிரியை அங்கே நின்று யோசித்துவிட்டு மண்ணில் ஷூத் தடம் இருந்த பக்கம் போனேன் என்றார். நின்று யோசித்தார் என்றால் ஏன் நின்றார்? இருந்திருந்தால் ஏன் யோசித்தார்? மாதேஸ்வரன் அந்த ஆசிரியையின் வாக்கியத்தை ஒரு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறார். லேபில் யாராவது கையை நீட்டி, முஷ்டி மடக்கி, "வலிக்குமா?" என்று கேட்கும்போது, அந்த ஆசிரியை நிற்கிறார். கடைசியில் போலீசில், வழிக்குறி இருந்தது, ஓட்டக்காரர் கவனிக்கவில்லை என்று எழுதி முடித்தார்கள். பேப்பரிலும் அப்படியே வந்தது.

பாதை மரத்தடியிலிருந்து வெளியே வந்து ஏற ஆரம்பித்தது. "நடந்துக்கலாமுங்க" என்றார். நல்லசிவம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து சேர்ந்தான். போன வருஷம் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தபோது பருத்த ஆள், தொப்பை சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பவானியில் மோட்டார் ரீவைண்டிங் கடை, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. இப்போது கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு தெரிய, வேறு ஆளாக இருந்தான். மூன்று மாசத்துக்கு முன்னால் போன் செய்தான். "அண்ணா, நா சுபாஷிணி ஊட்டுக்காரருங்க." மாதேஸ்வரன் லேபில் ஊசியோடு நின்றவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். வந்துவிட்டது என்று நினைத்தார், ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அவன் சொன்னது வேறு. "நா இப்ப ஓடறனுங்க. ஆறு மாசமாச்சு. அவ ஓடுன வழிய நானும் ஒருக்கா ஓடிப் பாக்கோணும். உங்களுக்குத்தான் அந்தப் பாதை அத்துப்படின்னாங்க. கூட வர முடியுங்களா?" குழு இந்த வருஷம் ஓட்டத்தையே நடத்தவில்லை. முடியாது என்று சொல்ல எத்தனையோ காரணம் இருந்தது. "வர்றேங்க" என்றார். அப்போது அவன் சொன்னான்: "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்ண்ணா. நீங்க உங்க வேலையச் செஞ்சிட்டீங்க. அவதான் பாக்கல."

அவதான் பாக்கல. ஏற்றத்தில் மூச்சு சிரமமாக இருந்தது, நெஞ்சில் ஏதோ உட்கார்ந்திருந்தது, நாற்பத்தெட்டு வயதில் இது இதயமாகக்கூட இருக்கலாம், இருந்தால் இங்கேயே விழலாம், விழுந்தால் சொல்ல வேண்டியதில்லை. சீச்சீ. புல் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு வெளுத்துக் கிடந்தது. இடது பக்கம் மலை மடிப்பு மடிப்பாக இறங்கிப் போய், கடைசியில் சேலம், காலை வெயிலில் சிதறிக் கிடந்த வெள்ளைச் சில்லுகளாக. இந்த இடத்தில் நின்று எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். இதற்காகத்தான் வருகிறார்கள். "எவ்வளவு அழகா இருக்குதுங்க" என்றான் நல்லசிவம், கோபித்துக்கொள்கிறவன் மாதிரி. "இதையெல்லாம் பாத்துக்கிட்டே போயிருப்பா. இங்க பாத்தவ அங்க பாக்கல. அவ எப்பவும் அப்படித்தானுங்க. பால அடுப்புல வெச்சுட்டு மறந்துருவா. வண்டிய எங்க நிறுத்துனோமுன்னு தெரியாம கடைவீதியச் சுத்துவா. எத்தன தடவ சொல்லிருப்பேன், கவனம் வேணும் கவனம் வேணும்னு." ஓரத்துப் புல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டே நடந்தான். "எம்பொண்ணு மிதுலா, ஒம்பது வயசு. அதுகிட்டயும் சொல்லிச் சொல்லித்தான் வளக்கறனுங்க. உங்கம்மா மாதிரி பாக்காமப் போகாதேன்னு. இப்ப என்னடான்னா அது ரோட்டத் தாண்டறதுக்கு முன்னால பத்து தடவ பாக்குது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். அப்படியே நின்னுக்குது. கையப் புடிச்சாலும் வரமாட்டேங்குது. ஸ்கூல்ல மிஸ் கூப்பிட்டுக் கேட்டாங்க." மாதேஸ்வரன் கேட்டுக்கொண்டு நடந்தார். ஒன்பது வயது. ரோட்டோரத்தில் ஒரு சிறுமி நிற்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்புகிற தலை மட்டும் தெரிந்தது.

இப்போது சொல்லிவிடலாம். இந்தப் பாறை தாண்டினதும். பாறை தாண்டிற்று. அந்த மரம். என்ன சொல்வது, கட்டவில்லை என்றா? கட்டவில்லை என்று தெரிந்தால் சொல்லிவிடலாம், அழலாம், காலில் விழலாம், ஜெயிலுக்குப் போகலாம். கட்டினேன் என்று தெரிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஒன்றும் தெரியாமல், ஒருவேளை இருக்கலாம் ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம் என்பதைக் கொண்டுபோய் ஒரு மனுஷன் கையில் கொடுத்தால் அவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? இதுவும் சாக்குத்தான். அது சாக்கு என்றும் அவருக்குத் தெரியும். ஏனென்றால் அவருக்கு ஞாபகம் இருக்கிற ஒன்றை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பக்கமெல்லாம் போனுக்குச் சிக்னல் கிடையாது, கவட்டையில் மட்டும் கிடைக்கும். அன்றைக்குச் சாயங்காலம் ரிப்பன் சுருளும் கத்தரிக்கோலுமாக அவர் அங்கே வந்து நின்றதும் பாக்கெட்டில் போன் வரிசையாக அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். முந்தின ஞாயிறு அவர் ஏற்றத்தில் ஓடுகிற போட்டோ ஒன்றை யாரோ போட்டிருந்தார்கள். கீழே முப்பது பேர் எழுதியிருந்தார்கள். உங்களுக்கா நாற்பத்தேழு வயசு, நம்பவே முடியவில்லை சார். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். படத்தைப் பெரிதாக்கித் தன் தொடையைப் பார்த்தார். எவ்வளவு நேரம் நின்றார் தெரியாது, இருட்ட ஆரம்பித்தது. அதற்கப்புறம் ஞாபகத்தில் இருப்பது இருபதாவது கிலோமீட்டரில் ஏற்றத்தில் நடப்பதுதான், கையில் சுருள். நடுவில் ஒன்றுமில்லை. ஒரு எழுத்து விடாமல் அந்த முப்பது பேர் எழுதினதையும் இப்போதும் சொல்ல முடியும். ஒரு முடிச்சுப் போட்டது ஞாபகம் வரவில்லை.

பதினெட்டைத் தாண்டிப் பாதை மறுபடியும் மரங்களுக்குள் நுழைந்தது. வெளிச்சம் பச்சையாக, ஈரமாக மாறியது. எங்கோ ஒரு பறவை ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது. நல்லசிவம் மறுபடியும் ஓட ஆரம்பித்திருந்தான், மாதேஸ்வரன் முன்னால், காலடி இரண்டும் ஒன்றாக விழுந்தன, பிரிந்தன, விழுந்தன. "விழுந்ததும் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாருங்க" என்றான் திடீரென்று. "ஒண்ணும் தெரிஞ்சிருக்காதாமா. அந்த மட்டுக்கும் பரவால்லீங்க." மாதேஸ்வரன், "ஆமாங்க" என்றார். அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் வேலை செய்கிற ஒருவர் அவருக்குத் தெரிந்தவர். சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும், நகர்ந்திருக்கிறாள், விரல் நகத்தில் மண் இருந்தது என்று அவர் டீக்கடையில் சொல்லியிருந்தார். சாயங்காலம் வரை. அவள் அங்கே கிடந்த நேரத்தில் மேலே ஏரிக்கரையில் மெடல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மாதேஸ்வரன் ஒரு தட்டில் தக்காளிச் சாதம் வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டார், நன்றாக இருந்தது என்று இன்னொரு கரண்டி கேட்டார். இதையும் இவனிடமிருந்து மறைத்திருக்கிறார்கள், யார் யாரோ, நல்ல மனசோடு. இவனிடம் இருப்பது எல்லாமே யாராவது செய்து கொடுத்ததுதான். ஒன்றை உருவினால் எல்லாம் வரும். அப்படியானால் உருவ வேண்டியது யார், நானா? நான்தான். வேறு யார்.

கவட்டை வந்துவிட்டது. அவர் நினைத்துக்கொண்டிருந்ததைவிடச் சின்ன இடம். ஒரு மாட்டுவண்டி திரும்பப் போதாது. இடது பக்கம் ஒற்றையடிப் பாதை கல்லும் வேருமாக ஏறியது. வலது பக்கம் சருகு விரித்துச் சமமாகப் போயிற்று. இடது ஓரத்தில் சில்வர் ஓக் நின்றது. உண்ணிச்செடி இருந்த இடத்தில் யாரோ வெட்டி, வெறும் குச்சிகள். மாதேஸ்வரன் போய் மரத்தைத் தொட்டார். பட்டை குளிர்ந்திருந்தது. கை தொட்டால் ஏதாவது வரும் என்று ஒரு வருஷமாக ரகசியமாக நம்பியிருந்தார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. இரண்டு உள்ளங்கையையும் வைத்து, மரத்தைச் சுற்றிக் கொண்டுபோய், கட்டுகிற மாதிரி விரல்களைச் சேர்த்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "இங்கதானுங்களா?" என்றான் நல்லசிவம். "இங்கதாங்க." "இந்த மரத்துலீங்களா?" அவர் பதில் சொல்வதற்குள் அவன் வலது பாதையில் நாலு அடி போய் நின்றுவிட்டான். முதுகு குலுங்கியது. அழுகிறான் என்று அவர் நினைத்தார். அழவில்லை. கத்தினான். "கண்ணு தெரியலையாடீ உனக்கு? இத்தாப் பெரிய மரம்! மூணு கட்டிருக்காங்க, மூணு! ஒண்ணாச்சும் கண்ணுல படலியா? எங்கடீ பாத்துட்டுப் போனே? என்னத்தடீ நெனச்சிட்டுப் போனே?" பள்ளத்தாக்கு அதைத் துண்டு துண்டாகத் திருப்பிக் கொடுத்தது. "புள்ள என்னயக் கேக்குது. நா என்ன சொல்லட்டும்? சொல்லுடீ, நா என்ன சொல்லட்டும்?" பறவை நின்றுவிட்டிருந்தது. மாதேஸ்வரன் மரத்தை விட்டு இரண்டு அடி முன்னால் வந்தார். இப்போதுதான், இதற்கு மேல் ஒரு இடம் கிடையாது, இதோ. "நல்லசிவம்" என்றார். அவன் திரும்பினான். முகமெல்லாம் எச்சிலும் வேர்வையும். வாயைத் திறந்தார். எனக்கு என்கிற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது, அதன் வழவழப்புக்கூடத் தெரிந்தது. "தண்ணி குடிங்க" என்றார். பாட்டிலை நீட்டினார்.

அவன் குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, குரலை மாற்றிக்கொண்டான். "சொல்லு கண்ணு. ஆமா, வந்துட்டோம். அப்பா நல்லாத்தான் இருக்கறேன். அத்த தோச சுட்டுக் குடுத்தாளா? லீவுன்னா பல்லு வெளக்காம உக்காந்திருப்பியே." கேட்டான். "இருக்காரு. பக்கத்துலதான் இருக்காரு." மறுபடி கேட்டான், அவன் கண் மாதேஸ்வரன் மேல் வந்து நின்றது. "உங்ககிட்டப் பேசோணுமாமா" என்று போனை நீட்டினான். "பெரியப்பாகிட்டக் கேளு அம்மிணி. அவருதான் அங்க ரிப்பன் கட்டுனவரு." போன் வேர்வையில் நனைந்து சூடாக இருந்தது. மாதேஸ்வரன் அதைக் காதில் வைத்தார். முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் தொலைக்காட்சியில் ஏதோ சிரிப்புச் சத்தம். "பெரியப்பா" என்றது ஒரு மெல்லிய, தொண்டை கட்டின குரல். "சொல்லும்மா." "நீங்க நெசமாலுமே கட்டுனீங்களா?" "கட்டினேம்மா" என்றார். உடனே வந்தது, தடங்கலே இல்லாமல் வந்தது, மூன்று வார்த்தைக்கு ஒரு வருஷம் வராத வாய் இதற்கு நொடியில் வந்தது. "அப்பறம் ஏன் பெரியப்பா எங்கம்மா பாக்கல?"

ஏட்டு கேட்கவில்லை, ஆர்டிஓ கேட்கவில்லை, இப்படி யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் பார்க்கவில்லை என்பது போதுமாக இருந்தது. நல்லசிவம் நாலு அடி தள்ளி நின்று, பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதும் சொல்லலாம். குழந்தையிடம் சொல்லலாம், கண்ணு, உங்கம்மா மேல தப்பில்ல, பெரியப்பாவுக்குக் கட்டுன ஞாபகமே இல்ல. சொன்னால் அது ரோட்டைத் தாண்டிவிடுமா? அவர் கண்ணைத் தூக்கினார். எதிரே மரங்களுக்கு நடுவில் சூரியன் நேராக வந்து முகத்தில் விழுந்தது, கண் கூசி நீர் வந்தது. "வெயில் கண்ணு" என்றார். "என்னது பெரியப்பா?" "இந்த எடத்துல காலைல வெயில் நேரா மூஞ்சில அடிக்கும்மா. கண்ணத் தொறக்கவே முடியாது. எனக்கே இப்போ ஒண்ணும் தெரியல. உங்கம்மா பாத்திருப்பாங்க. பாத்துட்டுத்தான் வந்திருப்பாங்க. வெயில் மறைச்சிருக்கும். யாரு வந்திருந்தாலும் அப்படித்தான் ஆயிருக்கும்." தொலைக்காட்சியை யாரோ அணைத்தார்கள். "அப்போ அம்மா பாத்தாங்களா?" "பாத்தாங்கம்மா." "சரி" என்றது. பிறகு, "வெக்கட்டுங்களா?" என்று பெரிய மனுஷி மாதிரி கேட்டு வைத்துவிட்டது.

போனைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினார். நல்லசிவம் வாங்கவில்லை. மெதுவாக வந்து கவட்டையின் நடுவில், வந்த பாதைக்கு நேராக நின்றான். மலையைப் பார்த்துத் திரும்பி, நெற்றிக்குக் கை கொடுத்துப் பார்த்தான். கையை எடுத்துப் பார்த்தான். "இது கெழக்குங்களா?" "கெழக்குதாங்க." "ஆமாங்ண்ணா, கண்ணு தெரியல" என்றான். "மரமே தெரியலீங்க. கறுப்பா என்னமோ நிக்குது, அவ்வளவுதான்." அவன் குரலில் ஒரு ஆச்சரியம் ஏறிக்கொண்டே போயிற்று. "எத்தன மணிக்கு வந்திருப்பா? ஒம்பதுக்குள்ளார வந்திருப்பா இல்லீங்? இதே நேரந்தான். இதே வெயிலு. அவளுக்கு வெயில்னாலே ஆகாதுங்க, தலவலி வந்துரும். எனக்கு இது தோணவே இல்ல பாருங்க." அவன் குந்தி உட்கார்ந்துவிட்டான். இப்போது அழுதான், வாயைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல், நெடுநேரம். "தெரியாமத் திட்டிப்போட்டேன் சாமி" என்றான் தரையைப் பார்த்து. "ஒரு வருசமாத் திட்டிப்போட்டேன்." பிறகு நிமிர்ந்து, "நீங்க இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்ண்ணா" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அந்தக் கை சூடாக, நன்றியோடு, அவர் விரல்களை நெரித்தது.

அன்றைக்கு வெயிலே இல்லை. முதல்நாள் ராத்திரி பெய்த மழைக்குப் பிறகு நாள் முழுக்க மேகம் விலகவில்லை. மலை சாம்பல் நிறமாக இருந்தது, நிழல் விழவில்லை. எந்தப் போட்டோவிலும் ஒருவர் முகத்தில்கூட வெளிச்சம் இல்லை. மாதேஸ்வரனுக்கு அது நிச்சயமாகத் தெரியும், அந்த நாளைப் பற்றி அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம் அதுதான். நல்லசிவம் இடது பாதையில் ஏற ஆரம்பித்தான். காலையிலிருந்து முதல் தடவையாக முன்னால் போனான், வேரைத் தாண்டி, கல்லைத் தாண்டி, தோள் தளர்ந்து, சுமை இறக்கினவன் மாதிரி. கொஞ்சம் மேலே போய்த் திரும்பி, "வாங்ண்ணா, நா முன்னால போறேன், நீங்க நிதானமா வாங்க" என்றான். மாதேஸ்வரன் அந்தச் சாம்பல் நிறக் காலையை மனசுக்குள் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடினார். இருபது அடி போவதற்குள் அதன் ஒரு ஓரம் வெளுக்க ஆரம்பித்தது. மரங்களுக்கு நடுவிலிருந்து வெயில் சாய்வாக இறங்கி, ஈர இலைகளில் பட்டு, பாதை முழுக்கத் தகதகத்தது. அதற்குள் ஒரு பெண் ஓடி வந்தாள். உயிரோடு அவளை அவர் பார்த்ததே இல்லை. வந்தவள் நின்று, கண்ணைச் சுருக்கி, நெற்றிக்குக் கை கொடுத்தாள்.